தாய்ப்பாலுக்காக வாதாடிய மருத்துவர்

காப்பிக்கடையில் நாம் வாங்கும் தேநீருக்கு இனிப்பைத் தருவது டின்னில் வரும் கெட்டிப்பால். 1930களில் இதே சிங்கப்பூரில் பல தாய்மார்கள் அந்தப் பாலைத்தான் தண்ணீரில் கரைத்துத் தங்கள் பச்சிளம் குழந்தைகளுக்குப் புகட்டினார்கள். அதனால் குழந்தைகள் இறக்கிறார்கள் என்று துணிந்து சொன்னவர் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ்.

சிசிலி 1893ல் ஜமைக்காவில் பிறந்தார். முதல் உலகப் போரால் ஆண் மாணவர்கள் குறைந்திருந்த காலத்தில் ஆக்ஸ்ஃபர்டு பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயில அவருக்கு இடம் கிடைத்தது. 1929ல் பிரிட்டிஷ் காலனித்துவ மருத்துவச் சேவையில் சேர்ந்து, இன்று கானா என்று அழைக்கப்படும் கோல்டு கோஸ்ட்டுக்குச் சென்றார்.

அங்கு உடல் வீங்கி, தோல் உரிந்து இறந்த சிறுபிள்ளைகள் பலரைக் கண்டார். அடுத்த குழந்தை வந்ததும் தாய்ப்பால் நிறுத்தப்பட்டு, சோளக்கஞ்சியை மட்டுமே உண்டு வந்த பிள்ளைகள் அவர்கள். அது புரதச்சத்து இல்லாத உணவால் வருவது என்று கருதிய அவர், உள்ளூர் மக்கள் அந்நோய்க்கு வைத்திருந்த ‘குவாஷியோர்கர்’ என்ற பெயரையே 1935ல் மருத்துவ உலகுக்கு அறிமுகப்படுத்தினார்.

1936ல் மலாயாவுக்கு மாற்றப்பட்டு, சிங்கப்பூரின் ஏழாம் எட்வர்ட் மன்னர் மருத்துவக் கல்லூரியில் கற்பித்தார். இங்கே வேறொரு சிக்கல் காத்திருந்தது. பால் நிறுவனங்கள் தாதியர் உடையில் பெண்களை வீடுகளுக்கு அனுப்பி, தாய்ப்பாலைவிட டின் பால் சிறந்தது என்று நம்பவைத்தன. அந்தப் பாலில் சர்க்கரை மிகுதி, வைட்டமின் ஏ, டி குறைவு. கரைக்கும் தண்ணீர் சுத்தமில்லாவிட்டால் வயிற்றுப்போக்கு வேறு. சில நாள் பாலூட்டாமல் இருந்தால் தாய்க்கும் பால் வற்றிவிடும். பிறகு டின்னை விட்டால் வழியில்லை.

1939ல் சிங்கப்பூர் ரோட்டரி கிளப்பில் அவர் ஆற்றிய உரையின் தலைப்பு ‘பாலும் கொலையும்’. தவறான பிரசாரத்தால் நேரும் குழந்தை மரணங்களைக் கொலையாகவே கருத வேண்டும் என்றார். அவர் கைகாட்டியது ஏமாந்த தாய்மார்களை அல்ல, ஏமாற்றியவர்களை.

ஜப்பானியர் படையெடுத்தபோது திரங்கானுவில் பணியாற்றிய அவர், சிங்கப்பூருக்குத் தப்பி வந்தும் சாங்கி சிறையில் அடைக்கப்பட்டார். ஜப்பானிய ராணுவக் காவல்துறையான கெம்பெய்தாய் அவரைப் பல மாதங்கள் பிடித்துவைத்து விசாரித்தது. அந்தச் சிறைமுகாமில் 20 குழந்தைகள் பிறந்தன. தாய்மார்களுக்கே வயிறாரச் சோறில்லை. டின் பாலுக்கு எங்கே போவது? 20 குழந்தைகளும் தாய்ப்பால் குடித்தன. 20 குழந்தைகளும் பிழைத்தன. சிறிய எண்ணிக்கைதான். ஆனால் தாய்ப்பாலின் மதிப்பை உணர்த்த சிசிலி பின்னாளில் எடுத்துக்காட்டியது இதைத்தான்.

1948ல் உலகச் சுகாதார நிறுவனத்தில் தாய்சேய் நலப் பிரிவின் முதல் தலைவரானார். விற்பனையாளர்கள் தாய்மார்களை நேரடியாக அணுகக்கூடாது என்ற அனைத்துலக விதிமுறை 1981ல் ஏற்கப்பட்டபோது அவருக்கு வயது 87. 1992ல் தமது 98வது வயதில் ஆக்ஸ்ஃபர்டில் காலமானார்.

குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளுக்கு இந்த விவகாரம் இன்னும் முக்கியம். முதிராத குடலைத் தாக்கி, அதன் ஒரு பகுதியையே அழுகச் செய்யும் கொடிய நோய் அவர்களுக்கு வரலாம். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளிடம் அது குறைவாகவே காணப்படுகிறது. ஆனால் குறைமாதப் பிரசவத்துக்குப் பிறகு பல தாய்மார்களுக்கு உடனே போதிய பால் சுரப்பதில்லை. அவர்களுக்குக் கைகொடுக்கவே கேகே மகளிர், சிறார் மருத்துவமனையில் 2017ல் தாய்ப்பால் வங்கி தொடங்கப்பட்டது. மற்றத் தாய்மார்கள் தானமாகத் தரும் பால் அங்கே பதப்படுத்தப்பட்டு இக்குழந்தைகளுக்குத் தரப்படுகிறது.

எந்தப் பால் கொடுப்பது என்பது தாயின் முடிவுதான். அந்த முடிவை எடுக்க அவருக்குச் சரியான தகவலும் உதவியும் கிடைக்கின்றனவா என்பது நம் எல்லாருடைய பொறுப்பு. சிசிலி இந்த ஊரில் நின்று கேட்டதும் அதைத்தான்.