தோட்டக்காரர் தொடுத்த வழக்கு

சர்வே பிராக்டிக்கலில் செயினைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நிற்கும்போதெல்லாம் எனக்கு எங்க தாத்தா ஞாபகம்தான் வரும். எங்க வீட்டு மனையின் எல்லையை ஒரு வேப்பமரத்தையும் ரெண்டு கல்லையும் காட்டித்தான் அவர் சொல்வார். பட்டா கிடையாது. அதனாலோ என்னவோ, எடி மாபோவின் வாழ்க்கையைப் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

ஆஸ்திரேலியாவுக்கும் நியூகினிக்கும் நடுவே டாரஸ் நீரிணையில் மேர் என்றொரு சின்னத் தீவு. வெள்ளைக்காரன் வைத்த பெயர் மர்ரே தீவு. அங்கே 1936 ஜூன் 29-ல் பிறந்தவர் மாபோ. பிறந்த கொஞ்ச நாளிலேயே தாயார் இறந்துவிட, தீவு வழக்கப்படி தாய்மாமன் பென்னி மாபோ தத்தெடுத்து வளர்த்தார். இதை நினைவில் வையுங்கள், பின்னால் வரும்.

முத்துச்சிப்பிப் படகு, கரும்பு வெட்டு, ரயில் பாதை வேலை என்று அலைந்தவர், டவுன்ஸ்வில் நகரப் பல்கலைக்கழகத்தில் தோட்டக்காரரானார். வேலை நேரம் போக நூலகத்தில் உட்கார்ந்து, தன் மக்களைப் பற்றி மற்றவர்கள் எழுதியதையெல்லாம் படித்தார். (நம்மில் எத்தனை பேர் லைப்ரரி பக்கம் போகிறோம்?) ஒருநாள் பேச்சுவாக்கில், மேர் தீவில் தனக்கிருக்கும் நிலத்தைப் பற்றிச் சொன்னார். சட்டப்படி அது அரசு நிலம் என்று வரலாற்றாசிரியர்கள் ஹென்றி ரெனால்ட்ஸும் நோயல் லூஸும் அவரிடம் எடுத்துச் சொன்னார்கள். மனுஷன் அதிர்ந்துபோனார்.

1982 மே 20-ல் இன்னும் நான்கு தீவுக்காரர்களோடு சேர்ந்து உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். குயின்ஸ்லாந்து மாநில அரசு சும்மா இருக்குமா? தீவு மக்களுக்கு ஏதாவது உரிமை இருந்திருந்தாலும் அது 1879-லேயே போய்விட்டது, நஷ்டஈடும் இல்லை என்று 1985-ல் ஒரு சட்டமே போட்டுவிட்டது.

இங்கேதான் எனக்குப் பிடித்த கட்டம் வருகிறது. இனப் பாகுபாட்டை எதிர்த்து ஐ.நா. சபை 1965-ல் உருவாக்கிய ஒப்பந்தத்தை ஆஸ்திரேலியா ஏற்று, 1975-ல் அதற்கேற்ப உள்நாட்டுச் சட்டமும் இயற்றியிருந்தது. அந்தச் சட்டத்தின் முன் மாநிலச் சட்டம் நிற்காது என்று 1988-ல் நீதிமன்றம் சொன்னது. நாலுக்கு மூணு நீதிபதிகள். ஒருத்தர் மாறியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்! எங்கோ கையெழுத்தான ஒரு உலக ஒப்பந்தம் ஒரு தோட்டக்காரரின் வழக்கைக் காப்பாற்றியது.

மாபோ தன் நிலத்தின் எல்லைகளைக் கையாலேயே படமாக வரைந்து வைத்திருந்தார். ஆனாலும் 1990-ல் சாட்சியங்களை ஆராய்ந்த நீதிபதி, அவர் பென்னியின் வாரிசு என்பதை ஏற்கவில்லை. தனக்கென்று அவர் கேட்டதையும் ஏற்கவில்லை. இத்தனைக்குப் பிறகும் அவர் வழக்கை விடவில்லை.

1992 ஜனவரி 21-ல் புற்றுநோயால் இறந்தார். வயது 55. தீர்ப்பு வந்தது ஜூன் 3-ல். ஆறுக்கு ஒன்று என்ற கணக்கில் மேர் மக்கள் வென்றார்கள். யாருக்கும் சொந்தமில்லாத நாடு என்ற பழைய வாதம் விழுந்தது. 1993-ல் பூர்வகுடி நில உரிமைச் சட்டம் வந்தது. ஆனால் 2007-ல் ஐ.நா. பூர்வகுடி உரிமைப் பிரகடனம் கொண்டுவந்தபோது எதிர்த்து ஓட்டுப் போட்ட நான்கு நாடுகளில் ஆஸ்திரேலியாவும் ஒன்று. 2009-ல்தான் மனம் மாறியது.

1995-ல் டவுன்ஸ்வில்லில் அவர் கல்லறையை யாரோ சிதைத்தார்கள். உடலை எடுத்துப்போய் மேர் தீவிலேயே புதைத்தார்கள். அவர் படித்த அந்தப் பல்கலைக்கழக நூலகத்துக்கு 2008-ல் அவர் பெயரையே வைத்தார்கள்.

பொங்கல் லீவில் தாத்தாவிடம் இந்தக் கதையைச் சொன்னேன். அந்த ஆளுக்கு நிலம் கிடைச்சுதா என்று கேட்டார். செத்த பிறகு தீர்ப்பு வந்தது என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அடுத்த தடவை வரும்போது டேப்பு கொண்டுவரச் சொன்னார். வேப்பமரத்திலிருந்து ஆரம்பிக்கணுமாம்.