கூட்டுறவு கண்ட ஷூல்ஸ்

ஜெர்மனி நாட்டில் லைப்சிக் மாநகருக்கு வடக்கே டெலிட்ஷ் என்னும் சிறிய ஊர் ஒன்று உள்ளது. பழைய மதிலும் காவற்கோபுரங்களும் இன்றும் அழியாமல் நிற்கும் ஊர் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவ்வூர் மக்களுள் பலர் கைத்தொழிலாளராய் இருந்தனர். மேசையும் நாற்காலியும் செய்யும் தச்சர், காலணி தைப்போர், தையற்காரர் முதலியோர் தம் வீட்டின் ஒரு பகுதியையே தொழிற்கூடமாகக் கொண்டு வாழ்ந்தனர். இத்தகைய ஊரில் 1808ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 29ஆம் நாள் ஹெர்மன் ஷூல்ஸ் பிறந்தார். அவர்தம் தந்தையார் அவ்வூரின் நீதிபதியாகவும் நகரத் தலைவராகவும் விளங்கியவர். ஆதலின், ஊராரின் வழக்கும் வருத்தமும் அவ்வீட்டு வாயிலுக்கு வருவது நாள்தோறும் நிகழ்ந்தது. பிறர் துன்பத்தைக் கேட்டறியும் பழக்கம் ஷூல்ஸுக்கு இளமையிலேயே வாய்த்தது எனலாம்.

லைப்சிக், ஹாலே ஆகிய பல்கலைக்கழகங்களில் சட்டம் பயின்று தேறிய அவர், 1841ஆம் ஆண்டில் தம் ஊரிலேயே நீதிபதியானார். ஐந்து ஆண்டுகள் அமைதியாகக் கழிந்தன. பின்னர் 1846ஆம் ஆண்டு வந்தது. உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கிற்று. தானிய விளைச்சலும் பொய்த்தது. ரொட்டியின் விலை ஏழைகளின் கைக்கு எட்டாத உயரத்திற்குச் சென்றது. நீதிமன்றத்தில் அமர்ந்து தீர்ப்பு எழுதுவதோடு தம் கடமை முடிந்துவிட்டதாக ஷூல்ஸ் எண்ணவில்லை. ஊரில் வசதியுடையோரை ஒன்றுகூட்டிக் குழு ஒன்று அமைத்தார்; பணமும் தானியமும் திரட்டினார். மாவரைக்கும் ஆலையும் ரொட்டி சுடும் கூடமும் அக்குழுவின் பொறுப்பில் நடைபெற்றன. ஏழைகளுக்கு உணவு கிடைத்தது. ஆயினும், அறச்செயலால் ஒரு பஞ்சத்தைக் கடக்கலாமேயன்றி, ஆண்டுதோறும் தொடரும் வறுமையை மாற்ற முடியாது என்பதை அவர் அப்போதே உணர்ந்தார். இன்று கையேந்தியவன் நாளையும் கையேந்தியே நிற்க வேண்டுமா என்னும் வினா அவர் நெஞ்சில் நிலைத்துவிட்டது.

1848ஆம் ஆண்டில் ஐரோப்பாவின் பல நாடுகளில் மக்கள் கிளர்ச்சி தோன்றியது. பிரஷ்ய அரசனும் மக்கட் பிரதிநிதிகள் கூடும் பேரவை ஒன்றை அமைக்க இசைந்தான். டெலிட்ஷ் மக்கள் ஷூல்ஸைத் தம் உறுப்பினராகத் தேர்ந்தெடுத்து பெர்லினுக்கு அனுப்பினர். ஷூல்ஸ் என்பது ஜெர்மனியில் மிகப் பரவலாக வழங்கும் பெயர். பேரவையில் அப்பெயருடையோர் பலர் இருந்தமையால், அவரைப் பிரித்தறிய ஊர்ப்பெயரையும் சேர்த்து ஷூல்ஸ் டெலிட்ஷ் என்று அழைக்கலாயினர். அப்பெயரே வரலாற்றில் நிலைத்தது. ஓர் ஊர் தன் மைந்தரால் புகழ் பெறுவது உண்டு. இவரோ ஊரையே தம் பெயராக்கிக் கொண்டவர்.

கைத்தொழிலாளரின் குறைகளை ஆராயும் குழுவுக்குப் பேரவை அவரைத் தலைவராக்கிற்று. நாட்டின் மூலைமுடுக்குகளிலிருந்தெல்லாம் விண்ணப்பங்கள் வந்து குவிந்தன; அவை ஆயிரத்துக்கு மேற்பட்டவை. தொழிற்சாலைகளைக் கட்டுப்படுத்த வேண்டும், பழைய தொழிற்குலச் சங்கங்களின் உரிமைகளை மீட்டுத் தர வேண்டும் என்று பலர் வேண்டியிருந்தனர். இயந்திரத்தைச் சட்டத்தால் தடுத்து நிறுத்த இயலாது என்பது ஷூல்ஸின் முடிவு. தொழிற்சாலைக்காரன் வெல்வது இயந்திரத்தால் மட்டுமன்று என்பதையும் அவர் கண்டார். அவன் பெருமுதல் உடையவன். மூலப்பொருளை மொத்தமாகவும் மலிவாகவும் வாங்குகிறான். காலணி தைக்கும் ஏழையோ இரண்டு இணைக்கு வேண்டிய தோலைக் கடனுக்குப் பெறுகிறான். கடனுக்கு வாங்குவோன் தோலின் தரத்தைப் பற்றிப் பேச முடியுமா? விலையைப் பற்றித்தான் பேச முடியுமா? வணிகர் கொடுத்ததைக் கொண்டு, அவர் கேட்டதைத் தந்து, எஞ்சியதில் அவன் உண்ண வேண்டும். கைத்திறனில் குறைவில்லாதவன் முதலின்மையால் தோற்கிறான்.

இக்கருத்துக்குச் சட்ட வடிவம் தர அப்பேரவைக்குக் காலம் கிட்டவில்லை. அரசன் படையை பெர்லினுக்குள் வரவழைத்துப் பேரவையை ஒடுக்க முற்பட்டான். பேரவை தடையின்றிக் கூட இயலாத நிலையில் வரி தண்டும் உரிமை அமைச்சரவைக்கு இல்லை என்று உறுப்பினர் தீர்மானித்தனர். அத்தீர்மானத்தில் ஷூல்ஸும் பங்கு கொண்டார். பேரவை கலைக்கப்பட்டது. அவர் மீதும் தோழர்கள் மீதும் அரசு வழக்குத் தொடர்ந்தது. 1850ஆம் ஆண்டில் அவ்வழக்கு விசாரணைக்கு வந்தபோது, நடுவர் குழுவினர் அவர் குற்றமற்றவர் எனத் தீர்ப்பளித்தனர்.

வழக்கு தலைக்கு மேல் தொங்கிக்கொண்டிருந்த நாட்களிலேதான் அவர் தம் வாழ்வின் பெரும்பணியைத் தொடங்கினார் என்பது எண்ணத்தக்கது. 1849ஆம் ஆண்டில் ஊர் திரும்பியவர், முதலில் நோயுற்றோர்க்கும் இறந்தோர் குடும்பத்திற்கும் உதவும் பொதுநிதி ஒன்றை நிறுவினார். அதே ஆண்டில் தச்சர்களையும், பின்னர்க் காலணி தைப்போரையும் ஒன்று சேர்த்துக் கொள்முதல் சங்கங்கள் அமைத்தார். அவற்றின் முறை எளியது. தனியொருவனை நம்பிக் கடன் கொடாத தோல் வணிகர், பலர் சேர்ந்து ஒருவருக்கொருவர் பொறுப்பேற்றால் கொடுப்பார். அங்ஙனம் பெற்ற தோல் மொத்தமாகச் சங்கத்தின் கிடங்கிற்கு வரும். சங்கம் செலவுக்கென்று சிறிது சேர்த்து உறுப்பினர்க்கு விற்கும். அச்சிறு தொகை சேர்ந்த பின்னும் விலை கடைத்தெருவைவிடக் குறைவாகவே இருந்தது; தோலும் நல்ல தோலாய் இருந்தது. எவரும் எவருக்கும் பிச்சையிடவில்லை.

தோல் மலிவாயிற்று, ஆனால் அதனை வாங்கக் கையில் பணம் வேண்டுமே! ஆதலால் 1850ஆம் ஆண்டில் கடனுதவிச் சங்கம் ஒன்று தோன்றிற்று. இதில் ஷூல்ஸ் முதலில் ஒரு பிழை செய்தார். செல்வர் சிலரிடமிருந்து வட்டியில்லாப் பணமும் நன்கொடையும் பெற்றுச் சங்கத்தை நடத்தினார். ஈவோர் வேறு, பெறுவோர் வேறு என்னும் பழைய நிலை அதனுள் மறைந்து நின்றது. பிறர் பணம் என்றால் திருப்பிக் கொடுப்பதிலும் கருத்துக் குறையும். ஈவோரின் ஊக்கம் தளர்ந்தால் சங்கமும் தளரும்.

இந்நிலையில் அவர் ஊரைவிட்டே போக நேர்ந்தது. நீதிமன்றம் விடுவித்தவரை அரசு எளிதில் விடவில்லை. போலிஷ் மக்கள் வாழும் போசன் மாகாணத்தில், விரெஷென் என்னும் தொலைவூருக்கு அவரை நீதிபதியாக மாற்றியது. விடுமுறையில் தம் ஊருக்குச் செல்லவும் அவருக்கு இசைவு மறுக்கப்பட்டது. நிலையான ஊதியமும் மதிப்பும் உள்ள பதவி ஒருபுறம். கன்றாக நட்டுவிட்டு வந்த சங்கங்கள் மறுபுறம். 1851ஆம் ஆண்டில் அவர் பதவியைத் துறந்து டெலிட்ஷுக்குத் திரும்பினார். அப்போது அவருக்கு வயது நாற்பத்து மூன்று. வேறு வருவாய்க்கு உறுதியான வழி எதுவும் இல்லை.

அவர் இல்லாத காலத்தில் அண்டை ஊராகிய ஐலன்பர்க்கில் ஒரு புதுமை நிகழ்ந்திருந்தது. பெர்ன்ஹார்டி என்னும் மருத்துவரும் பியூர்மன் என்னும் தையற்காரரும் 1850ஆம் ஆண்டில் கடன் சங்கம் ஒன்றைத் தொடங்கியிருந்தனர். அதில் நன்கொடையாளர் இல்லை. கடன் பெறுவோரே உறுப்பினர், உறுப்பினரே உரிமையாளர், சங்கத்தின் கடனுக்கு அனைவரும் தத்தம் உடைமை முழுவதையும் பொறுப்பாக வைத்தனர். தாம் வழிகாட்டியவர்கள் தம்மை விஞ்சிவிட்டதைக் கண்டு ஷூல்ஸ் மனம் புழுங்கவில்லை. 1852ஆம் ஆண்டில் டெலிட்ஷ் சங்கத்தை அம்முறையிலேயே திருத்தியமைத்தார். பிழையை ஒப்புக்கொண்டு பிறரிடம் கற்ற இச்செயலே அவர் பணிக்கு உயிர் தந்தது.

அச்சங்கம் இயங்கிய விதத்தைச் சற்று விரிவாகக் காண்போம். சேருபவர் சிறு நுழைவுக் கட்டணம் செலுத்துவார். அதன்பின் திங்கள்தோறும் தம்மால் இயன்ற சிறு தொகை செலுத்திவர, அது நாளடைவில் அவருடைய பங்காக வளரும். அப்பங்கும் பிறர் இடும் சேமிப்பும் சேர்ந்து சங்கத்தின் முதலாகும். போதாத பணத்தை வெளியாரிடம் சங்கம் கடனாகப் பெறும். அனைவரும் சேர்ந்து பொறுப்பேற்பதால் பணமுடையோர் அச்சமின்றித் தந்தனர். தொழிலாளி தக்கவரைப் பிணையாகக் காட்டி மூன்று திங்களில் திருப்பிச் செலுத்தும் கடன் பெறுவான். அத்தவணைக்குள் மரம் மேசையாகும், தோல் காலணியாகும், பணம் திரும்பும். கடனுக்கு வட்டி உண்டு. இலவசம் என்னும் சொல்லுக்கே ஷூல்ஸ் இடம் தரவில்லை. ஆயினும் கந்துவட்டிக்காரரிடம் கொடுத்ததோடு ஒப்பிடின் அது சிறிது. அவ்வட்டியில் மிஞ்சும் ஆதாயமும் பங்குக்கேற்ப உறுப்பினர்க்கே திரும்பியது.

முழு உடைமையையும் பொறுப்பாக வைப்பது எளிய செயலன்று. ஒருவன் ஏமாற்றினால் அவனுடைய அயலான் வீட்டையும் இழக்கக்கூடும். அந்த அச்சமே அச்சங்கங்களுக்குக் காவலாயிற்று. யார் உழைப்பாளி, யார் குடிகாரன், யாருக்குக் கடன் கொடுக்கலாம் என்பதை அவ்வூர்த் தச்சரும் தையற்காரரும் அறிந்த அளவு பெர்லினில் உள்ள பெருவங்கி அறியுமா? உறுப்பினர் பேரவை கணக்கைக் கேட்டது, நிருவாகிகளைத் தேர்ந்தது, தவறினால் நீக்கியது. கணக்குப் பார்க்கவும் கூட்டத்தில் எழுந்து பேசவும் எளிய மக்கள் அங்கே பழகினர்.

இம்முறையை விளக்கி 1855ஆம் ஆண்டில் ஷூல்ஸ் நூல் ஒன்று வெளியிட்டார். ஊர் ஊராகச் சென்று பேசினார். வந்த கடிதங்களுக்கெல்லாம் விடை எழுதினார். மக்கள் வங்கிகள் என்று பெயர் பெற்ற இச்சங்கங்கள் பல நகரங்களில் தோன்றின. 1859ஆம் ஆண்டில் அவற்றின் பிரதிநிதிகள் வைமர் நகரில் முதன்முறையாகக் கூடினர். அனைத்துக்கும் பொதுவான நடுநிலையம் அமைந்தது. அதன் பொறுப்பு அவரிடமே வந்தது. அன்பர்கள் நிதி திரட்டி அவருக்கு அளித்தபோது, வீடு வாங்கத் தேவையான பகுதியை மட்டும் தமக்குக் கொண்டு, எஞ்சியதைப் பொதுப்பணிக்கான அறநிதியாக்கினார்.

1861ஆம் ஆண்டில் மீண்டும் சட்டமன்றம் புகுந்தார். சங்கங்களுக்கு அப்போது பெருங்குறை ஒன்று இருந்தது. சட்டத்தின் கண்களுக்கு அவை இல்லாத பொருள்கள். தம் பெயரில் வழக்காடவோ நிலம் வாங்கவோ அவற்றால் இயலவில்லை. ஷூல்ஸ் தாமே சட்ட முன்வரைவை எழுதி மன்றத்தில் வைத்தார். அமைச்சர் பிஸ்மார்க்கின் அரசுக்கு அவர் எதிர்க்கட்சி உறுப்பினர். எனினும் தளராது வாதிட்டார். 1867ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் பிரஷ்யக் கூட்டுறவுச் சட்டம் நிறைவேறியது. அடுத்த ஆண்டில் அது வட ஜெர்மானியக் கூட்டாட்சி முழுமைக்கும் விரிந்தது. ஒரு சிற்றூரின் தோல் கிடங்கில் பழகிய முறை, பதினெட்டு ஆண்டுகளில் நாட்டின் சட்டமாயிற்று.

எதிர்ப்பும் குறைவன்று. தொழிலாளர் தலைவர் லசால், 1864ஆம் ஆண்டில் அவரைக் கடுமையாகத் தாக்கி நூல் எழுதினார். அன்றாடக் கூலியால் வயிறு நிரப்பவே இயலாத ஆலைத் தொழிலாளி எதைச் சேமிப்பான் என்பது லசாலின் வினா. அரசே முதல் தர வேண்டும் என்பது அவர் கொள்கை. அரசின் பணத்தோடு அரசின் கட்டளையும் வரும் என்று ஷூல்ஸ் மறுத்தார். விரெஷெனுக்கு அனுப்பப்பட்டவருக்கு அவ்வச்சம் இயல்பே. ஆயினும் லசாலின் வினாவில் உண்மை இருந்தது. மக்கள் வங்கியால் பயன்பெற்றோர் பெரும்பாலும் சிறு தொழிலும் சிறு உடைமையும் உடையவர்களே. ஏதுமற்ற கூலியாளுக்கு அது எளிதில் எட்டவில்லை. அவ்வாறே, மூன்று திங்கள் தவணை உழவருக்கும் பொருந்தவில்லை. விதைத்தவன் அறுவடைக்குக் காத்திருக்க வேண்டுமன்றோ? சிற்றூர் உழவருக்கேற்ற நெடுந்தவணைச் சங்கங்களை ரைஃபைசன் என்பார் ரைன் நதிப் பகுதியில் வளர்த்தார். முறை பற்றி இருவர்க்கும் பூசல் நிகழ்ந்தது. நாட்டுக்கோ இரண்டும் வேண்டியிருந்தன.

1862ஆம் ஆண்டு முதல் ஷூல்ஸ் போட்ஸ்டாம் நகரில் வாழ்ந்துவந்தார். நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த நிலையிலேயே, 1883ஆம் ஆண்டு ஏப்ரல் 29ஆம் நாள் அங்கே காலமானார். அவர் மறைந்து ஆறாண்டுகளுக்குப் பின் வந்த சட்டம், பொறுப்பை ஓர் எல்லைக்குள் வரையறுத்துக்கொள்ளவும் சங்கங்களுக்கு உரிமை தந்தது.

உழவரின் கடன் தொல்லைக்கு மருந்து தேடிச் சென்னை அரசு பிரெடரிக் நிக்கல்சன் என்பாரை அமர்த்திற்று. அவர் 1895, 1897ஆம் ஆண்டுகளில் அளித்த அறிக்கையில் ஷூல்ஸ், ரைஃபைசன் இருவர்தம் முறைகளும் விரிவாக ஆராயப்பட்டன. 1904ஆம் ஆண்டில் இந்தியக் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அவ்வாண்டிலேயே செங்கற்பட்டு மாவட்டத்துத் திரூரில் உழவர்களின் சங்கம் ஒன்றும், நெசவாளர் நிறைந்த காஞ்சிபுரத்தில் நகரச் சங்கம் ஒன்றும் பதிவாயின. இந்திய நகரக் கூட்டுறவு வங்கிகள் பெரும்பாலும் ஷூல்ஸின் முறையைத் தழுவியே எழுந்தன. டெலிட்ஷ் நகரில் காலணி தைப்போர் கூடிச் சங்கம் அமைத்த பழைய வீடு இப்போது அருங்காட்சியகமாக இருக்கிறது.