மீண்டும் மலர்ந்த மரம்

மறைந்துபோன செல்வத்தைத் தேடி மீட்டு, உரியவரிடமே சேர்ப்பித்தல் சான்றோர் செயலாகும். அச்செல்வம் பொன்னும் மணியுமாகத்தான் இருத்தல் வேண்டுமென்பதில்லை, பூமரமாகவும் இருக்கலாம். அத்தகைய செல்வமொன்றை மீட்டளித்தவர் ஆங்கில நாட்டினரான காலிங்வுட் இங்கிரம் என்பவர்.

இவர் 1880ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் செல்வக் குடியொன்றில் பிறந்தார். இளமை முதல் பறவைகளை ஆராய்வதில் பெருவிருப்புக் கொண்டிருந்தார். 1919ஆம் ஆண்டில் கெண்ட் மாவட்டத்துப் பெனன்டன் என்னும் சிற்றூரில் குடியேறினார். அங்கே அவருடைய தோட்டத்தில் செர்ரி மரங்கள் இரண்டு நின்றன. இளவேனிற் காலத்தில் அவை பூத்துக் குலுங்கிய காட்சி அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. அன்று முதல் செர்ரி வகைகளைத் தேடித் திரட்டலாயினார். மக்களும் அவரைச் 'செர்ரி இங்கிரம்' என்றே அழைத்தனர்.

அழகுக்காக வளர்க்கப்பெறும் செர்ரி வகைகளுக்கு ஓர் இயல்பு உண்டு. அவற்றின் விதையிலிருந்து முளைக்கும் கன்று தாய்மரத்தை அப்படியே ஒத்திராது. ஆதலால், தாய்மரத்தின் குச்சியை மற்றொரு செர்ரிக் கன்றின் தண்டில் ஒட்டுக்கட்டியே அவ்வகையைப் பெருக்குவர். ஒட்டுமாங்கன்று உண்டாக்குவதும் இத்தகைய முறையினாலன்றோ? ஒட்டுக்கட்டும் மனிதரின் கை ஓய்ந்துவிடின், நின்ற மரங்களோடு அவ்வகையும் அழிந்தொழியும்.

1923ஆம் ஆண்டில் இங்கிரம் சசெக்ஸ் மாவட்டத்திலிருந்த தோட்டம் ஒன்றிற்குச் சென்றார். அங்கே ஜப்பானியச் செர்ரி மரமொன்று பட்டுப்போகும் நிலையில் நின்றது. உயிர் எஞ்சியிருந்த கிளைகளில் மிகப் பெரிய வெண்மலர்கள் பூத்திருந்தன. இங்கிரம் அம்மரத்தின் குச்சிகளைக் கொணர்ந்து ஒட்டுக்கட்டினார். அவை தழைத்தன.

1926ஆம் ஆண்டில் அவர் செர்ரி வகைகளை நாடி ஜப்பானுக்குச் சென்றார். அங்கே புனாட்சு என்னும் செர்ரி அறிஞர் பழைய ஓவியம் ஒன்றைக் காட்டினார். அதில் பெரிய வெண்மலர்களையுடைய செர்ரி தீட்டப்பெற்றிருந்தது. அவ்வகை ஜப்பானில் அற்றுப்போயிற்று என்று அவர் வருந்தினார். ஓவியத்தைக் கண்ட இங்கிரம் வியப்பில் ஆழ்ந்தார். அம்மலர், தம் தோட்டத்தில் பூக்கும் மலரே என்பதை உணர்ந்தார்!

தாய்நாடு இழந்த மரத்தைத் தாய்நாட்டிற்கே திருப்பித் தர அவர் உறுதி பூண்டார். அஃது எளிதாக இல்லை. அவர் அனுப்பிய குச்சிகள் நெடும்பயணத்தில் உயிரிழந்தன. அவர் மனந்தளரவில்லை. இறுதியில், ஈரம் வற்றாதிருக்குமாறு குச்சிகளின் அடியை உருளைக்கிழங்கில் செருகி, சைபீரியா வழிச் செல்லும் புகைவண்டியில் அனுப்பினார். 1932ஆம் ஆண்டில் அம்முயற்சி வெற்றி பெற்றது. பெருவெண்மை எனப் பொருள்படும் 'தைஹாக்கு' என்னும் பெயருடைய அச்செர்ரி, தன் தாய்நாட்டு மண்ணில் மீண்டும் தழைத்தது.

செர்ரி மரங்களைப் பற்றித் தாம் அறிந்தவற்றை இங்கிரம் 1948இல் நூலாக வெளியிட்டார். நூறாண்டு நிறைவாழ்வு வாழ்ந்து, 1981ஆம் ஆண்டில் மறைந்தார்.

இந்நாளில், செர்ரியின் தளிர்நுனியைக் கண்ணாடிக் குப்பியில் இட்டு, ஊட்டப்பொருள் தந்து, எண்ணற்ற கன்றுகளை உண்டாக்கும் திசு வளர்ப்பு முறையும் வந்துள்ளது. எனினும், அம்முறைக்கும் முதலில் உயிருள்ள தளிர் ஒன்று வேண்டுமன்றோ? அத்தளிர் வாடும் முன்னரே அதன் அருமையை உணர்ந்து காக்கும் உள்ளமும் வேண்டும். அவ்வுள்ளம் படைத்தவர் இங்கிரம்.