கட்சியின் சாவி யார் கையில்?
ராபர்ட் லா பாலெட்டின் வாழ்க்கை

எந்தக் கட்சியும் ஒரு பெருநோக்கத்தின் பொருட்டே பிறக்கிறது. நோக்கம் ஒருவாறு நிறைவேறிப் பதவியும் செல்வாக்கும் வந்து குவிந்த பின்னர், கட்சியைக் காப்பதே கட்சியின் நோக்கம் என்று கருதும் கூட்டத்தார் அதன் தலைமைப் பீடத்தில் அமர்ந்து விடுகின்றனர். அப்போது பழைய நோக்கத்தை நினைவூட்டும் முற்போக்காளர் சிலர் கிளம்புகின்றனர். அவர்கள் முன் இரண்டு வழிகள் உண்டு. உள்ளே நின்று போராடுவது ஒன்று. வெளியேறித் தனிக் கட்சி காண்பது மற்றொன்று. எது சரியான வழி என்பது கட்சித் தொண்டர்களின் உள்ளத்தை எத்தேசத்திலும் வருத்தும் கேள்வியாகும். இவ்விரண்டு வழிகளிலும் நடந்து பார்த்தவர் அமெரிக்கத் தலைவர் ராபர்ட் லா பாலெட். அவருடைய சரித்திரத்தை அரசியலில் ஈடுபட்டோர் அனைவரும் அறிந்திருத்தல் நலம்.

அடிமை முறை புதிய பிரதேசங்களில் பரவாமல் தடுக்கும் பொருட்டு 1854-ம் வருஷத்தில் தோன்றியது அமெரிக்கக் குடியரசுக் கட்சி. அதற்கு அடுத்த வருஷம் ஜூன் 14-ந் தேதி, விஸ்கான்ஸின் மாகாணத்தில் பிரிம்ரோஸ் என்னுமிடத்தில், ஒரு குடியானவரின் மர வீட்டில் லா பாலெட் பிறந்தார். குழந்தைக்கு ஒரு வயது நிரம்பு முன்பே தந்தை காலமானார். வறுமையில் வளர்ந்த சிறுவர், மாடிஸன் நகரத்துச் சர்வகலாசாலையில் 1879-ல் பட்டம் பெற்று, பின்னர் வக்கீலானார். அவருடைய மனைவி பெல் கேஸ், அதே சர்வகலாசாலையின் சட்டக் கல்லூரியில் முதன்முதலாகத் தேறிய பெண்மணி. கணவருடைய பொதுவாழ்வு முழுவதிலும் அவருக்கு மந்திரியாகவும் தோழராகவும் இருந்தவர் அவரே.

அக்காலத்து விஸ்கான்ஸினில் குடியரசுக் கட்சியின் கொள்கை ஓரிடத்தில் இருந்தது. அதன் அதிகாரம் வேறிடத்தில் இருந்தது. லிங்கன் பெயரைச் சொல்லி வோட்டுக் கேட்டனர். வென்றபின் ரயில்வே கம்பெனிகளும் மர வியாபார முதலாளிகளும் விரும்பியதைச் செய்தனர். இது எவ்வாறு நடைபெற்றது என்பதைக் கவனித்தல் வேண்டும். தேர்தலில் நிற்கும் அபேட்சகரைப் பொதுஜனங்கள் பொறுக்கவில்லை. ஊர்க் கூட்டங்களில் சில பேர் கூடிப் பிரதிநிதிகளை அனுப்புவார்கள். அப்பிரதிநிதிகள் ஜில்லா மகாநாட்டிலும் மாகாண மகாநாட்டிலும் கூடி அபேட்சகரைத் தீர்மானிப்பார்கள். பிரதிநிதிகளை வசப்படுத்தியவருக்குக் கட்சி வசப்பட்டது. ரயில்வேயின் இலவசப் பாஸும், உத்தியோக ஆசையும், சில சமயங்களில் ரொக்கமும் அந்த வேலையைச் செய்தன.

1880-ல், இருபத்தைந்து வயதில், லா பாலெட் ஜில்லா அரசாங்க வக்கீல் பதவிக்குப் போட்டியிட்டார். மாடிஸனில் கட்சியை ஆட்டிவைத்த தபால் அதிகாரி கீஸ் என்பவர் அவரைத் தடுத்தார். லா பாலெட் அவரை வணங்கி நிற்கவில்லை. கிராமம் கிராமமாகச் சென்று குடியானவர்களை நேரில் கண்டு ஆதரவு திரட்டி வென்றார். பின்னர் 1885 முதல் 1891 வரை வாஷிங்டனில் பிரதிநிதி சபையின் அங்கத்தினராக இருந்தார். அந்நாட்களில் அவரும் கட்சிக்கு அடங்கிய மனிதராகவே விளங்கினார். அவரைக் கலகக்காரர் ஆக்கியது 1891-ல் நேர்ந்த ஒரு சம்பவம்.

மாகாணப் பொக்கிஷதார்கள் சிலர் அரசாங்கப் பணத்தின் வட்டியைத் தாங்களே எடுத்துக் கொண்டதாக வழக்கு நடந்தது. அவர்களுக்கு ஜாமீன் நின்றவர்களில் ஒருவர் பிலீட்டஸ் சாயர். மர வியாபாரத்தில் லக்ஷாதிபதியானவர், செனட் அங்கத்தினர், மாகாணக் கட்சியின் பெருந்தலைவர். வழக்கை விசாரிக்கவிருந்த நீதிபதியோ லா பாலெட்டின் மைத்துனர். சாயர் தம்மை மில்வாக்கி நகரத்து ஓட்டலுக்கு வரவழைத்து, நீதிபதியின் மனத்தைத் திருப்புவதற்குப் பணம் கொடுக்க முன்வந்தார் என்று லா பாலெட் பகிரங்கப்படுத்தினார். உறவு முறையை அறியாமல் வக்கீல் கூலி பேசியதே என்று சாயர் மறுத்தார். கட்சி எவரை நம்பிற்று என்று சொல்ல வேண்டியதில்லை. பத்திரிகைகள் லா பாலெட்டைத் தூற்றின, பழகியவர்கள் விலகினர். தலைவரைக் காட்டிக் கொடுத்தவன் என்ற பழி அவர்மேல் விழுந்தது.

அப்போதே அவர் வெளியேறியிருந்தால் விஸ்கான்ஸினின் சரித்திரம் வேறாக இருந்திருக்கும். அவர் வெளியேறவில்லை. கட்சி என்பது தலைவர்களின் சொத்தன்று, அதற்கு வோட்டளிக்கும் குடியானவர்களின் சொத்து என்று உறுதி கொண்டு உள்ளேயே நின்றார். 1896-ல் கவர்னர் பதவிக்கு அபேட்சகராக முயன்றார். மாகாண மகாநாட்டில் தோற்றார். தமக்கு வாக்களித்திருந்த பிரதிநிதிகள் பணத்தால் கலைக்கப்பட்டனர் என்பது அவருடைய திடமான நம்பிக்கை. 1898-ல் மறுபடியும் தோற்றார். இத்தோல்விகளிலிருந்து அவர் கற்ற பாடமே அவருடைய வாழ்க்கையின் சாரம். நல்ல தீர்மானங்களாலும் காரசாரமான பிரசங்கங்களாலும் மேலிடத்தார் அசையமாட்டார்கள். அபேட்சகரைப் பொறுக்கும் உரிமை எவரிடமிருக்கிறதோ அவரிடமே கட்சியின் சாவி இருக்கிறது. அச்சாவியைப் பிடுங்கிப் பொதுஜனங்களிடம் கொடுத்தாலன்றி வேறு எந்தச் சீர்திருத்தமும் நிலைக்காது. இதுவே அப்பாடம். மகாநாட்டு முறையை ஒழித்து, வாக்காளரே இரகசிய வோட்டால் அபேட்சகரைப் பொறுக்கும் நேர்முகத் தேர்வை அவர் முதற் கோரிக்கையாக்கினார். சந்தைகளிலும் கண்காட்சிகளிலும் வண்டியின் மேல் ஏறி நின்று மணிக்கணக்காகப் பேசினார்.

1900-ல் கவர்னரானார். பதவி கிடைத்தது, அதிகாரம் கிடைக்கவில்லை. ஸ்டால்வார்ட் எனப்பட்ட பழைய கூட்டத்தார், 1901-ல் சட்டசபையில் அவருடைய மசோதாக்களை வீழ்த்தினர். பின்னர் தேர்தல் பிரசாரத்தில் லா பாலெட் ஒரு புதிய ஆயுதத்தைக் கையாண்டார். எந்த மசோதாவுக்கு எந்த அங்கத்தினர் எப்படி வோட்டளித்தார் என்ற சட்டசபைப் பதிவைக் கையில் எடுத்துக் கொண்டு, அந்தந்த அங்கத்தினரின் தொகுதிக்கே சென்று, அவருடைய வாக்காளர் நடுவே அதை வாசித்துக் காட்டினார். வசைமொழி தேவையாயிருக்கவில்லை. பெயரும் வோட்டுமே போதுமாயிருந்தன.

1904-ல் பிளவு முற்றியது. மாடிஸனில் கூடிய மாகாண மகாநாட்டிலிருந்து ஸ்டால்வார்ட்டுகள் வெளியேறி, நாடகக் கொட்டகையொன்றில் போட்டி மகாநாடு நடத்தினர். சிகாகோவில் கூடிய தேசிய மகாநாடு போட்டிக் கூட்டத்தாரையே உண்மையான பிரதிநிதிகளாக அங்கீகரித்தது. கட்சி ஒழுங்கைப் பற்றி ஓயாது உபதேசித்தவர்கள், தங்களுக்குப் பெரும்பான்மை இல்லாதபோது ஒழுங்கை மீறியதையும், மேலிடம் அதை ஆசீர்வதித்ததையும் வாசகர்கள் குறித்துக் கொள்ள வேண்டும். ஆனால் மாகாண உயர்நீதி மன்றம் லா பாலெட்டின் பக்கமே தீர்ப்பளித்தது; வாக்காளரும் அவ்வாறே தீர்ப்பளித்தனர். அவர் மூன்றாம் முறை கவர்னரானார்; நேர்முகத் தேர்வுச் சட்டத்தையும் ஜனங்கள் அதே தேர்தலில் ஊர்ஜிதம் செய்தனர். ரயில்வேச் சொத்துக்களுக்கு அவற்றின் மதிப்பையொட்டி வரி விதிக்கும் சட்டம் 1903-லும், கட்டணங்களைக் கட்டுப்படுத்தும் ரயில்வே கமிஷன் 1905-லும் வந்தன. சாவி கைமாறியவுடன் பூட்டுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

1906-ல் செனட் சபையில் அமர்ந்தார். ரயில்வே மசோதாவின் மேல் அவர் பேச எழுந்தபோது மூத்த அங்கத்தினர்கள் ஒருவர் பின் ஒருவராக வெளியேறினர். இன்று தற்காலிகமாகக் காலியாகும் ஆசனங்கள் நாளை நிரந்தரமாகக் காலியாகக்கூடும் என்று அவர் நிதானமாக எச்சரித்தார். அவ்வருஷக் கோடையில் பல மாகாணங்களில் சுற்றி, செனட் அங்கத்தினரின் வோட்டுப் பதிவையும் வாசித்துக் காட்டினார். 1908-ல் பாங்கிகளுக்குச் சாதகமான நாணய மசோதாவை எதிர்த்துப் பதினெட்டு மணி நேரத்திற்கு மேல் பேசினார். 1909-ல் சொந்தப் பத்திரிகை தொடங்கினார். 1911-ல் முற்போக்குக் குடியரசுக் கட்சியாரின் சங்கம் அவர் வீட்டிலேயே உருவாயிற்று. ஜனாதிபதி டாப்டைக் கட்சிக்குள்ளேயே எதிர்த்து நிற்பதற்கு அவரே தகுந்தவர் என்று பலரும் கருதினர்.

நிற்க. அவரிடம் குறைகளே இல்லை என்று சொல்வது சரித்திரமாகாது. 1912 பிப்ரவரியில், மகளின் நோயால் மனங்கலங்கியும் உடல் சோர்ந்தும் இருந்த நிலையில், பிலடெல்பியாவில் பத்திரிகாதிபதிகளின் விருந்தில் இரண்டு மணி நேரத்திற்கு மேல் தடுமாறிப் பேசி அவர்களையே கடிந்து கொண்டார். அதைக் காரணமாகக் காட்டி ஆதரவாளர் பலர் முன்னாள் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட்டின் பக்கம் சாய்ந்தனர். அக்காயம் லா பாலெட்டின் உள்ளத்தில் ஆறவேயில்லை. ரூஸ்வெல்ட்டுக்கும் அவர் விட்டுக் கொடுக்கவில்லை. சிகாகோ மகாநாட்டில், தகராறுக்குட்பட்ட பிரதிநிதி ஸ்தானங்களில் 235-ஐ டாப்டுக்கும் 19-ஐ ரூஸ்வெல்ட்டுக்கும் கட்சியின் தேசியக் கமிட்டி வழங்கியது. சாவி யார் கையில் என்ற கேள்வி இங்கும் எழுந்ததன்றோ? ரூஸ்வெல்ட் வெளியேறிப் புதுக் கட்சி கண்டார். லா பாலெட் அதில் சேரவில்லை. இருவரும் ஒன்றுபட்டிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்பதை ஊகிப்பதில் பயனில்லை. முற்போக்காளர் இரு கூறாயினர்; குடியரசுக் கட்சியும் பிளந்தது; ஜனநாயகக் கட்சியின் வில்ஸன் ஜனாதிபதியானார் என்பது மட்டும் நிச்சயம். பிறருடைய செருக்கைச் சாடியவர் தம்முடைய செருக்கை வெல்லவில்லை. விஸ்கான்ஸினிலும் அவர் கட்டிய ஆதரவாளர் படை, பழைய கூட்டத்தைப் போலவே அரசாங்க உத்தியோகஸ்தரைத் தேர்தல் வேலைக்குப் பயன்படுத்திற்று என்ற குற்றச்சாட்டு வீண் பழியன்று.

1917 ஏப்ரலில் ஜெர்மனியின் மேல் யுத்தம் தொடுக்கும் தீர்மானம் செனட்டில் வந்தது. 82 பேர் ஆதரித்தனர். எதிர்த்த ஆறு பேரில் லா பாலெட் ஒருவர். செப்டம்பரில் அவர் செய்த பிரசங்கமொன்றைச் செய்தி ஸ்தாபனம் பொருள் மாறும்படி வெளியிட்டது. அவரைச் செனட்டிலிருந்து நீக்குவதற்கு விசாரணை ஆரம்பமாயிற்று. அவர் பயின்ற சர்வகலாசாலையின் ஆசிரியர் 400 பேருக்கு மேல் அவரைக் கண்டித்துக் கையெழுத்திட்டனர். 1918 தேர்தலில் குடியரசுக் கட்சி செனட்டில் மிகச் சொற்பமான பெரும்பான்மையைப் பெற்றது. ஒவ்வொரு வோட்டும் தேவைப்பட்டது. அவருடைய வோட்டும் தேவைப்பட்டது. 1919 ஜனவரியில் குற்றச்சாட்டு 50-க்கு 21 என்ற வோட்டில் தள்ளப்பட்டது. துரோகி என்று நேற்று சொன்னவர்கள் இன்று அருகில் அமர்ந்தனர். 1922-ல் விஸ்கான்ஸின் வாக்காளர் அவரை மிகப் பெரும்பான்மையால் மீண்டும் அனுப்பினர்.

அறுபத்தொன்பதாம் வயதில்தான் அவர் இரண்டாம் வழியில் அடி வைத்தார். 1924-ல் குடியரசுக் கட்சியின் மகாநாடு விஸ்கான்ஸின் பிரதிநிதிகளின் திட்டத்தை நிராகரித்தது. லா பாலெட், ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த செனட் அங்கத்தினர் வீலரைத் துணை கொண்டு, தொழிலாளர் சங்கங்கள், குடியானவர்கள், சோஷலிஸ்டுகள் ஆகியோரின் ஆதரவுடன் ஜனாதிபதி பதவிக்குச் சுயேச்சையாக நின்றார். ஏறக்குறைய 48 லக்ஷம் வோட்டுகள் கிடைத்தன. நூற்றுக்குப் பதினாறுக்கு மேல். ஆயினும் அவர் வென்ற மாகாணம் விஸ்கான்ஸின் ஒன்றே. தேர்தல் முடிந்தவுடன் செனட்டிலிருந்த குடியரசுக் கட்சியார் அவரையும் அவரை ஆதரித்த மூவரையும் கட்சிக் கூட்டத்திலிருந்து விலக்கினர். 1925 ஜூன் 18-ந் தேதி, எழுபது வயது நிரம்பி நான்கே நாட்களில், அவர் காலமானார்.

மூத்த மகன் ராபர்ட் தந்தையின் ஸ்தானத்தில் அமர்ந்தார். 1934-ல் புதல்வர்கள் இருவரும் விஸ்கான்ஸினில் தனி முற்போக்குக் கட்சி கண்டனர். பன்னிரண்டு வருஷங்களில் அது கலைந்தது. 1946-ல் ராபர்ட் குடியரசுக் கட்சிக்குத் திரும்பி, தந்தை ஏற்படுத்திய அதே நேர்முகத் தேர்வில் நின்று, சொற்ப வோட்டுகளில் தோற்றார். வென்றவர் ஜோஸப் மக்கார்த்தி. பின்னர் கம்யூனிஸ்டு வேட்டையால் அமெரிக்கா முழுவதையும் அச்சத்தில் ஆழ்த்தியவர். ஜனங்களிடம் கொடுத்த சாவி எந்தக் கதவையும் திறக்கும். அதைக் கொடுத்தவர் குடும்பத்திற்கென்று தனிச் சலுகை காட்டாது. இதனால் சாவியைக் கொடுத்தது பிழை என்று நாம் முடிவு கட்டலாகாது. 1946-ல் முற்போக்காளர் அக்கதவின் அருகே காவல் இருக்கவில்லை; கட்சியை விட்டுப் போயிருந்த காலத்தில் அவர்கள் ஸ்தானம் பிறர் வசமாயிற்று என்பதே நாம் காணும் உண்மை.

1955-ல் செனட் சபை தன் சரித்திரத்தில் தலைசிறந்த ஐவரைத் தெரிந்தெடுக்க ஒரு கமிட்டி நியமித்தது. அதன் தலைவர் பின்னாளில் ஜனாதிபதியான கென்னடி. ஐவரில் ஒருவராக லா பாலெட் தெரிந்தெடுக்கப்பட்டார். எந்தச் சபை அவரை வெளியே தள்ள விசாரணை நடத்திற்றோ அச்சபையின் மண்டபத்திலேயே அவர் படம் மாட்டப்பட்டது. இறந்த கலகக்காரரைப் போற்றுவது மேலிடத்தாருக்கு எளிது. அவர்கள் அஞ்சுவது உயிரோடிருப்பவரை.

கட்சியின் போக்கில் அதிருப்தி கொண்ட தொண்டர்கள் இச்சரித்திரத்திலிருந்து அறிய வேண்டியது யாது? வெளியேறியவர் பெற்றது 48 லக்ஷம் வோட்டும் ஒரு மாகாணமும். உள்ளே நின்றவர் பெற்றது சட்டங்கள். அபேட்சகரை யார் பொறுக்குகிறார், எந்த அங்கத்தினர் எப்படி வோட்டளித்தார் என்ற இரண்டு கேள்விகளை ஒவ்வொரு ஊரிலும் ஓயாமல் கேட்பவரே மேலிடத்தை அசைப்பார். மற்றவை வெறும் சப்தம்.