ஓய்வுக்குப் பின் பிறந்த நாவல்



பணி ஓய்வு பெற்றதும் இனி நமக்கு என்ன வேலை என்று சோர்ந்து உட்கார்ந்துவிடும் ஆசிரியர்களையும் அலுவலர்களையும் நம் பங்கிலேயே காண்கிறோம். அவர்களுக்காக மாயூரம் வேதநாயகம் பிள்ளையை இன்று நினைத்துப் பார்ப்போம்.

1826 அக்டோபர் 11 அன்று திருச்சி அருகே குளத்தூரில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தார். நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராகப் பணிபுரிந்து, பின்னர் முன்சீப் ஆனார். ஆங்கிலத் தீர்ப்புகள் மக்களுக்கும் விளங்க வேண்டும் என்று அவற்றைத் தமிழில் தந்தார். பெண் கல்விக்காகப் 'பெண்மதி மாலை' எழுதினார்.

1872-இல் பதவி போனது. மாயூரத்திலேயே தங்கினார். 1876 முதல் 1878 வரை கடும் பஞ்சம். தம் கைப்பொருளைச் செலவிட்டுப் பசித்தவர்களுக்குக் கஞ்சி வார்த்தார். எல்லாச் சமயத்தாரும் பாடத்தக்க 'சர்வ சமய சமரசக் கீர்த்தனை'களை இயற்றினார். 1879-இல், ஐம்பது வயதைக் கடந்தபின், தமிழின் முதல் நாவலான 'பிரதாப முதலியார் சரித்திர'த்தை வெளியிட்டார். அதில் ஞானாம்பாள் என்னும் பெண் ஆண் வேடத்தில் ஒரு நாட்டையே ஆள்கிறாள். பெண்களுக்கு எழுத்தறிவு எதற்கு என்று கேட்ட காலம் அது! 1887-இல் 'சுகுணசுந்தரி' வந்தது. 1889 ஜூலை 21 அன்று இறைவனடி சேர்ந்தார்.

பதவி போனதால் அவர் பணி நின்றுவிடவில்லை. நோட்டும் நாட்காட்டியும் அச்சாகும் சிவகாசியின் பக்கத்தில், நாரணாபுரத்தில் வாழ்கிறோம் நாம். குடும்ப வறுமையால் படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போன பெண்பிள்ளைகள் நம் தெருக்களில் உண்டு. ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் மாலையில் ஒரு மணி நேரம் திண்ணையில் அமர்ந்து அவர்களுக்குக் கற்பித்தால் போதும். நம் ஊரிலும் ஞானாம்பாள்கள் எழுவார்கள்.