அணுக்களின் ஒழுங்கின்மையில் கணக்கைக் கண்டவர்: விஞ்ஞானி கே.எஸ். கிருஷ்ணன்

ராமன் விளைவு என்றால் சர் சி.வி. ராமனின் பெயர் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். அந்த ஆராய்ச்சியில் அவரோடு கூட நின்று உழைத்த மற்றொரு தமிழரின் பெயர் அவ்வளவாக நினைவுக்கு வருவதில்லை. அவர்தான் கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன். ஒளி எப்படிச் சிதறுகிறது என்ற ஆராய்ச்சியில் தொடங்கி, மின்சாரக் கம்பிக்குள் எலெக்ட்ரான் எப்படி ஓடுகிறது என்ற கேள்வி வரை சென்றவர் அவர். கல்கத்தா, டாக்கா, அலகாபாத், டில்லி என்று ஊர் ஊராகச் சென்று வேலை பார்த்தவரும்கூட. பிழைப்பை முன்னிட்டுக் கடல் கடந்து வந்திருக்கும் நமக்கு அவரது வாழ்க்கை அந்நியமானதல்ல.

வத்திராயிருப்பிலிருந்து கல்கத்தாவுக்கு

1898 டிசம்பர் 4ஆம் தேதி வத்திராயிருப்பில் கிருஷ்ணன் பிறந்தார். அப்போது திருநெல்வேலி ஜில்லாவில் இருந்த அவ்வூர் இப்போது விருதுநகர் மாவட்டத்தில் இருக்கிறது. தந்தையார் விவசாயி, தமிழும் வடமொழியும் கற்றவர். பையனுக்கும் அந்தப் பற்று ஒட்டிக் கொண்டது. ஸ்ரீவில்லிபுத்தூரில் பள்ளிப் படிப்பு. பிறகு மதுரை அமெரிக்கன் கல்லூரி, சென்னை கிறிஸ்தவக் கல்லூரி. பௌதிகம் படித்தவருக்கு ரசாயனத் துறையில் டெமான்ஸ்டிரேட்டர் வேலை கிடைத்தது.

அந்த வேலையிலேயே அவர் காலந்தள்ளியிருக்கலாம். ஆனால் கல்கத்தாவில் ராமன் ஆராய்ச்சி நடத்திக் கொண்டிருந்த செய்தி அவரைச் சும்மா இருக்க விடவில்லை. 1920இல் கல்கத்தாவுக்குச் சென்றார். 1923இல் இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகத்தில் ராமனிடம் ஆராய்ச்சியாளராகச் சேர்ந்தார். முதல் வேலையாக 65 திரவங்களைத் தூய்மைப்படுத்தி, ஒவ்வொன்றும் ஒளியை எவ்வாறு சிதறடிக்கிறது என்று அளந்தார். பொறுமையைச் சோதிக்கும் வேலை அது.

1928 பிப்ரவரியில் அந்தப் பொறுமைக்குப் பலன் கிடைத்தது. திரவத்தில் சிதறி வரும் ஒளியில் ஒரு பகுதி நிறம் மாறி வருவது தெளிவாயிற்று. புதிய கண்டுபிடிப்பை அறிவித்த கடிதம் ராமன், கிருஷ்ணன் என்ற இரு பெயர்களுடனும் ‘நேச்சர்’ பத்திரிகையில் வெளிவந்தது. 1930இல் நோபல் பரிசு ராமன் ஒருவருக்கே வழங்கப்பட்டது. பரிசு அறிவிப்பு வந்தபோது கிருஷ்ணன் கல்கத்தாவில் இல்லை. 1928 இறுதியிலேயே டாக்கா பல்கலைக்கழகத்தில் ரீடராகச் சேர்ந்து, படிகங்களின் காந்தத் தன்மையை ஆராயும் புதிய வேலையில் இறங்கியிருந்தார். பிறருடைய புகழின் நிழலிலேயே தங்கிவிடாமல் தமக்கென ஒரு துறையை அமைத்துக் கொண்டதுதான் அவர் வாழ்வின் திருப்புமுனை.

பென்சில் கரியில் ஓர் ஆராய்ச்சி

1933இல் மகேந்திரலால் சர்க்கார் பேராசிரியராக மீண்டும் கல்கத்தாவுக்கு வந்தார். அங்கே அவர் எடுத்துக் கொண்ட பொருள்களில் ஒன்று கிராஃபைட். பென்சிலில் இருக்கும் அதே கரிதான். கார்பன் அணுக்கள் தாள் தாளாக அடுக்கி வைத்தாற் போன்ற அமைப்பு அது. தாளின் பரப்பில் எலெக்ட்ரான்கள் தாராளமாக ஓடுகின்றன; ஒரு தாளிலிருந்து அடுத்த தாளுக்குச் செல்வது கடினம். இந்த எலெக்ட்ரான்களின் காந்த குணத்தைப் பற்றி என். கங்குலியுடன் சேர்ந்து எழுதிய கட்டுரை 1941இல் லண்டன் ராயல் சொசைட்டி வெளியீட்டில் வந்தது. அந்தச் சங்கம் 1940இலேயே அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்திருந்தது. அதே கரியிலிருந்து ஒரே ஒரு தாளைப் பிரித்தெடுத்து ஆராய்ந்த இரு விஞ்ஞானிகளுக்கு 2010இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தத் தாளுக்கு இன்று கிராஃபீன் என்று பெயர்.

கம்பிக்குள் என்ன நடக்கிறது?

1942இல் அலகாபாத் பல்கலைக்கழகத்தில் பௌதிகப் பேராசிரியரானார். அங்கே அவர் கேட்ட கேள்வியைப் புரிந்து கொள்ள நமது லாங் ஐலண்டையே உதாரணமாக வைத்துக் கொள்வோம். ஜெனரேட்டரிலிருந்து கம்பி நீண்டு கொண்டே போனால், கடைசி வீட்டுப் பல்பு சற்று மங்கலாக எரியும். வழியிலேயே கொஞ்சம் மின்சக்தி சூடாகி வீணாகிறது. இதுவே மின்தடை. கம்பியில் இந்தத் தடை எங்கிருந்து வருகிறது?

வரிசை தப்பாமல் நட்ட தென்னந்தோப்பில் ஒருவர் எதிலும் மோதாமல் நேராக நடந்து போகலாம். புயலில் மரங்கள் ஆடினால் அங்கங்கே இடிபடுவார். மரங்கள் கண்டபடி வளர்ந்த காட்டில் அடிக்கு அடி முட்டிக் கொள்வார். உலோகத்திலும் ஏறத்தாழ இப்படித்தான். எலெக்ட்ரான் அலை போலவும் நடந்து கொள்வதால், அணுக்கள் ஒழுங்காக அணிவகுத்து நின்றால் அது தடங்கலின்றிச் செல்லும். அணுக்கள் சூட்டில் அதிர்ந்தால் சிதறும். பல்புக்குள் இருக்கும் டங்ஸ்டன் இழையின் தடை, அது எரியும்போது பத்து மடங்குக்கு மேல் கூடுவது இதனால்தான். வேற்று அணு கலந்தாலும் சிதறும். செம்பை விடப் பித்தளையில் மின்சாரம் ஓடுவது சிரமம். இஸ்திரிப் பெட்டியிலும் ஹீட்டரிலும் உள்ள நிக்ரோம் கம்பிக்குச் செம்பைப் போல ஏறத்தாழ 60 மடங்கு தடை.

உலோகம் உருகிவிட்டால் என்ன ஆகும்? அணிவகுப்பு அடியோடு கலைந்துவிடும். உருகும் அந்த நேரத்திலேயே செம்பின் தடை ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. அணுக்கள் தாறுமாறாக இருக்கும் இடத்தில் எதைக் கொண்டு கணக்குப் போடுவது என்று மற்றவர்கள் திகைத்தார்கள். கிருஷ்ணனும் அவரது மாணவர் ஏ.பி. பாட்டியாவும் 1945 வாக்கில் ஒரு வழி சொன்னார்கள். திரவத்தில் ஒளியும் எக்ஸ் கதிரும் எவ்வளவு சிதறும் என்பது அளந்து கண்ட விஷயம். எலெக்ட்ரானும் அலையானால், அதே திரவத்தில் அது எவ்வளவு சிதறும் என்பதை எக்ஸ் கதிரின் அளவைக் கொண்டே கணக்கிடலாம் அல்லவா? தாறுமாறு என்று தோன்றுவதற்கும் ஓர் அளவு உண்டு என்பதே அதன் சாரம். 65 திரவங்களில் ஒளிச் சிதறலை அளந்த பழைய அனுபவம் இருபது ஆண்டுகளுக்குப் பின் இப்படிக் கை கொடுத்தது.

அக்காலத்தில் இந்த வேலை பெரிதாகப் பேசப்படவில்லை. 1961இல் இங்கிலாந்தின் ஜான் ஜைமன் இதே அடிப்படையில் திரவ உலோகங்களுக்கான கொள்கையை விரிவாக எழுதிய பிறகே இத்துறை வேகம் பிடித்தது. பாட்டியா கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகி இந்த ஆராய்ச்சியைத் தொடர்ந்தார்.

டில்லியில் தேசிய ஆய்வுக்கூடம்

1946இல் சர் பட்டம் கிடைத்தது. 1947இல் டில்லி தேசிய பௌதிக ஆய்வுக்கூடத்தின் முதல் டைரக்டராகப் பொறுப்பேற்றார். அதற்கு அவ்வாண்டு ஜனவரியில் அடிக்கல் நாட்டியவர் நேரு. 1950 ஜனவரியில் கட்டடத்தைத் திறந்து வைத்தவர் சர்தார் பட்டேல். நாட்டின் எடைக்கும் நீளத்துக்கும் ஆதாரமான அளவுகளைக் காக்கும் இடம் அது. கடைத் தராசில் வைக்கும் கிலோ படிக்கல்லின் நேர்மை கடைசியில் அங்கே போய் முடிகிறது. 1948இல் அமைந்த அணுசக்திக் கமிஷனிலும் அவர் உறுப்பினர். 1954இல் பத்மபூஷண் விருதும், 1958இல் முதலாவது பட்நாகர் பரிசும் அவரைத் தேடி வந்தன.

கோப்புகள் குவிந்த நிர்வாகப் பதவியிலும் அவர் ஆராய்ச்சியை விடவில்லை. மின்சாரத்தால் சூடேறும் இழைகளில் வெப்பம் எப்படிப் பரவுகிறது என்று ஆராய்ந்தார். தமிழையும் விடவில்லை, விஞ்ஞானத்தைத் தமிழில் சொல்ல முடியும் என்று நம்பிக் கட்டுரைகள் எழுதினார். 1961 ஜூனில் டில்லியில் காலமானார். வயது 62.

இன்று கையிலுள்ள செல்போனின் சில்லுகளில் சில பத்து நானோமீட்டர் அகலமே உள்ள கம்பிகள் இருக்கின்றன. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்கு போட்டால் ஒரு பங்குதான் நானோமீட்டர். அத்தனை மெல்லிய கம்பியில் எலெக்ட்ரான் அதன் ஓரங்களில் பட்டும் சிதறுகிறது. அந்தச் சிதறலைக் கணக்கிட முயலும் பொறியாளர்கள், அலகாபாத்தில் கிருஷ்ணன் கேட்ட அதே வகைக் கேள்வியைத்தான் இன்றும் கேட்டுக் கொண்டிருக்கிறார்கள்.

பெரிய பரிசில் அவர் பெயர் இல்லை. ஆனால் போன ஊர்களிலெல்லாம் ஒரு நல்ல கேள்வியையும் அதைத் தொடர நல்ல மாணவர்களையும் விட்டுச் சென்றார். சொந்த ஊரை விட்டு வந்தவர் வந்த ஊரில் நிலைநாட்டக் கூடிய சொத்து இதைவிடப் பெரிது வேறில்லை.