திராட்சை மலையின் தாய்

போர்ச்சுக்கல் நாட்டில் டோரு என்று ஓர் ஆறு ஓடுகிறது. அதன் இரு கரைகளிலும் செங்குத்தான மலைகள். மண் குறைவு, பாறைதான் அதிகம். அந்தப் பாறையை உடைத்து, காரை பூசாத கல் சுவர்களை எழுப்பி, மலையையே படிக்கட்டு ஆக்கினார்கள் உழவர்கள். படிக்குப் படி திராட்சைக் கொடிகள்!

அந்த மலை நாட்டில் ராணி போல வாழ்ந்தவர், அந்தோனியா ஃபெரைரா அம்மையார்.

1811-ம் ஆண்டு ரேகுவா என்ற ஊருக்கு அருகில் அவர் பிறந்தார். பரம்பரையாகத் திராட்சை பயிரிட்டு, ஒயின் செய்து விற்ற குடும்பம்.

ஒயின் செய்யும் விதம் விசித்திரமானது. பழங்களைக் கல் தொட்டியில் கொட்டுவார்கள். ஆட்கள் இறங்கிக் காலால் மிதிப்பார்கள். பழத்தோலில் ஒட்டியுள்ள நுண்ணுயிர்களே சாற்றைப் புளிக்க வைத்துவிடும். பாதி புளித்ததும் பிராந்தி கலப்பார்கள். உடனே புளிப்பது நின்றுவிடும், இனிப்பு தங்கிவிடும். பிறகு அந்தக் காலத்தில் பீப்பாய்கள் படகேறிக் கடற்கரைக்குப் போயின. இதுதான் புகழ் பெற்ற போர்ட் ஒயின்.

33 வயதில் விதவை

1834-ல் அந்தோனியா உறவினர் ஒருவரை மணந்தார். 1844-ல் கணவர் இறந்துவிட்டார். அப்போது அம்மையாருக்கு வயது 33. ஒரு மகன், ஒரு மகள். அவர் மூலையில் உட்கார்ந்து அழவில்லை. தோட்டங்களைத் தாமே நிர்வகிக்கத் தொடங்கினார்.

சொத்து இருக்கும் இடத்தில் தொல்லையும் வரும் அல்லவா? நாட்டின் அரசியலில் செல்வாக்கு மிகுந்தவர் சல்தான்யா பிரபு. சிறுமியாக இருந்த அம்மையாரின் மகளைத் தம் மகனுக்குக் கட்டிவைக்க அவர் ஆசைப்பட்டார். தாய் மறுத்தார். பகை மூண்டது. மகளை அழைத்துக்கொண்டு அம்மையார் ஸ்பெயினுக்குத் தப்பினார். அங்கிருந்து லண்டன் சென்றார். திருமணம் நடக்கவில்லை!

தோட்டங்களைப் பார்த்துக்கொண்ட தோரஸ் என்பவரை 1856-ல் அவர் மறுமணம் செய்துகொண்டார்.

படகு கவிழ்ந்தது!

1861-ம் ஆண்டு மே 12-ந் தேதி. ஆற்றின் பாறைச் சுழலில் அம்மையார் சென்ற படகு கவிழ்ந்தது. உடன் சென்ற ஒயின் வியாபாரி ஃபாரஸ்டர் மூழ்கி இறந்தார். ஆற்றின் ஒவ்வொரு வளைவையும் அளந்து படம் வரைந்தவர் அவர்! அம்மையார் பிழைத்தார். அவருடைய அகலமான பாவாடை தண்ணீரில் விரிந்து அவரை மிதக்க வைத்தது என்று ஊரார் கதை சொல்வார்கள்.

வேரைத் தின்ற பூச்சி

அடுத்து வந்தது பெரும் கேடு. பைலோக்சரா என்ற சிறு பூச்சி அமெரிக்காவிலிருந்து வந்தது. அது வேரில் சாற்றை உறிஞ்சியது. மலை மலையாகக் கொடிகள் பட்டுப்போயின. உழவர்கள் பிழைக்க வழியின்றித் தவித்தனர்.

அம்மையார் இங்கிலாந்து சென்று, நோயை அடக்கும் வழிகளைக் கேட்டு வந்தார். அமெரிக்கக் கொடியின் வேரை இந்தப் பூச்சியால் அழிக்க முடியவில்லை. அந்த வேரில் உள்ளூர்க் கொடியை ஒட்டுக் கட்டுவதே தீர்வாயிற்று.

பலர் நிலத்தை விட்டு ஓடிய அந்தக் காலத்தில் அம்மையார் நிலம் வாங்கினார். 1877-ல், 66-வது வயதில், வாலே மேயான் என்ற இடத்தில் சுமார் 740 ஏக்கர் தரிசு நிலத்தை வாங்கித் திருத்தினார். ஏராளமான கூலியாட்களுக்கு வேலை கிடைத்தது. அவர்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது. ஆஸ்பத்திரிகளுக்கும் அவர் பொருள் உதவினார்.

1896-ல், 84-வது வயதில் அம்மையார் மறைந்தார். இருபதுக்கும் மேற்பட்ட தோட்டங்களை விட்டுச் சென்றார். டோரு மலைப்படிகள் 2001-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாயின.

ஊர் மக்கள் அவரைச் சீமாட்டி என்று அழைக்கவில்லை. ஃபெரைரின்யா என்று செல்லமாக அழைத்தார்கள். சின்ன ஃபெரைரா என்பது அதன் பொருள். நாடாண்ட பிரபுவுக்குப் பணியாத அந்தப் பெண்மணி, ஏழைகளின் வாயில் செல்லப் பெயராக நிலைத்துவிட்டார்.